மலைப்பக்கத்துச் சீட்டு

கம்பம் பக்கத்துக் கூடலூரில் ஜீப் ஏறுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பள்ளம் இழுக்கும் என்று. மலைப்பாதையில் வண்டி திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்கிறார் அல்லவா, அது பள்ளம் இழுப்பதால்தானாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழுத்தது பள்ளம்தான். மலைப்பக்கமே சாய்ந்தாலும், பள்ளம் இழுத்ததற்குப் பயந்து உடம்பு தானாகவே இந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது என்பார்கள். இப்படி நாலாபுறமும் வேலி போட்டுப் பாதுகாத்த முட்டாள்தனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் கம்பத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். முதலில் சிரித்தேன், பிறகு விளக்கினேன், பிறகு சண்டை போட்டேன். எதற்கும் அவர்கள் மசியவில்லை.

வெறும் நம்பிக்கையோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அதற்கு ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார்கள். விடிந்ததும் குமுளி மலை ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகிற ஜீப்புகளில் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீளச் சீட்டுகள் இருக்கும். ஏறுகிறவர்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கவாட்டில் தார்ப்பாய், அதைத் தாங்க மேலே கம்பி; அந்தக் கம்பி பின்முனை வரை வராது. பின்னால் கதவு கிடையாது, திறந்த வெளி. இந்த ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை டிரைவர் முடிவு செய்வார். கனத்த பெண்கள் மலைப்பக்கத்துச் சீட்டில், ஒல்லிப் பெண்கள் பள்ளத்துப் பக்கத்துச் சீட்டில். இருப்பதிலேயே கனத்தவளுக்கு மலைப்பக்கத்துச் சீட்டின் பின்முனை. அந்த முனையில் கனம் இருந்தால் பள்ளம் எவ்வளவு இழுத்தாலும் வண்டி அசையாதாம்.

எங்கள் தெருப் பக்கம் வருகிற ஜீப்பில் அந்த முனைச் சீட்டு என் அக்காவுடையது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு ஏலத்தோட்டத்துக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை உருகி உருகிச் சொல்லும் உத்தேசம் எனக்குக் கிடையாது. அவளுக்கும் அது பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளை வீட்டில் இரு என்றேன். "வீட்ல இருந்துக்கிட்டு உம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்குத் தோட்டமும் பிடிக்கும், ஜீப்பும் பிடிக்கும், எல்லாவற்றையும்விட அந்த முனைச் சீட்டு பிடிக்கும். வாழ்நாள் முழுக்கக் குண்டச்சி என்று கேலி கேட்டவளுக்கு, அவள் கனத்தை மரியாதையாகக் கேட்டு வாங்கி உட்கார வைத்த ஒரே இடம் அது. அவள் வராத நாளில் டிரைவர் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பார். "அக்கா இல்லாம எப்படி வண்டிய எடுக்கிறது?" என்று கெஞ்சுவார். அக்கா அதை எனக்குக் கேட்க வேண்டும் என்றே கதவைத் திறந்து வைத்துக் கேட்பாள்.

அவளை அந்த முனையிலிருந்து நகர்த்த வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. ஜீப்பை விடச் சொல்லவில்லை, தோட்டத்தை விடச் சொல்லவில்லை. ஒரு நாலு பேர் தள்ளி உள்ளே உட்காரு, கம்பியைப் பிடித்துக்கொள், அவ்வளவுதான்.

அதற்காக டிரைவரிடமே போய்ப் பேசினேன். டிரைவர் எங்களுக்குத் தூரத்து உறவு, என்னைவிட மூத்தவர், அக்காவைவிட இளையவர். ஜீப்பின் முன்கண்ணாடியில் பாதியைச் சாமி படங்கள் மறைத்திருக்கும், மீதியில் சாலை தெரியும். அவரைத் தேநீர்க் கடை வாசலில் பிடித்து நிறுத்தி, மலைப்பாதையில் இரண்டு வகை வளைவு இருக்கிறது என்று ஆரம்பித்தேன். மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகிற வளைவில் பள்ளம் வெளிப்புறம் இருக்கும். ஓடை இறங்குகிற மடிப்புக்குள் புகுந்து வெளியே வருகிற வளைவில் மலைதான் வெளிப்புறம், பள்ளம் உட்புறம். வண்டியின் சக்கரம் வழுக்கினால் அது பள்ளத்தைத் தேடிப் போகாது. வளைவுக்கு வெளிப்புறம்தான் போகும். ஓடை வளைவில் வழுக்கினால் மலைமேல்தான் மோதும். அந்த வளைவில் மலைப்பக்கம் கனத்தை ஏற்றி வைப்பது கவிழ்வதற்கு நாமே உதவி செய்வது.

அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

"டீச்சர், நீங்க சொல்றது புஸ்தகத்துல சரி. வண்டி புஸ்தகத்துலயா ஓடுது?"

"சரிண்ணே, அதை விடுங்க. கொண்டை ஊசி வளைவு தாண்டுனா மலை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிருதுல்ல? அப்ப ஏன் ஆளுகளை மாத்தி உக்கார வைக்க மாட்டேங்கிறீக?"

இதற்கு அவரிடம் பதில் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

"மொத வளைவுல எந்தப் பக்கம் மலையோ, அதேன் கடைசி வரைக்கும் மலைப்பக்கம். எங்கப்பாரு காலத்துல இருந்து அப்படித்தேன்."

மலையே இடம் மாறினாலும் இவர்களுடைய மலைப்பக்கம் மாறாது. இந்த மனிதரின் கையில் ஒரு ஸ்டியரிங்கும், அதன் பின்னால் என் அக்காவும் இருந்தார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தேநீர் கிளாசைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன வாழ்கிறதாம்? பதினோராம் வகுப்பில் வட்ட இயக்கம் பாடம் வரும்போது நான் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுகிறோம், கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும், விரலை நீட்டிக் காட்டுங்கள். மொத்த வகுப்பும் சுற்றுகிற கைக்கு நேர் எதிரே, வெளியே பார்த்து விரலை நீட்டும். முதல் ரேங்க் பெண்ணும் அப்படித்தான் நீட்டுவாள். அதே பெண் பரீட்சைத் தாளில் 'தொடுகோட்டுத் திசையில் செல்லும்' என்று முத்து முத்தாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவாள். எழுதுகிற கைக்கும் நீட்டுகிற விரலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மையநோக்கு விசைக்கு வரையறை சொல் என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அந்த விசையை யார் தருகிறார்கள் என்று கேட்டால் மையம் தருகிறது என்பார்கள். மையத்தில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. வளைவில் திரும்பும் பைக்குக்கு அந்த விசையைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு என்று சொன்னால், ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கிய பையன்கள் கொட்டாவி விடுவார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக நடத்தலாம் என்று ஒரு வாளித் தண்ணீரோடு நான் மைதானத்துக்குக் கிளம்பிய அன்று தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"புரிய வைக்கிறேன்னு நேரத்தை ஓட்டாதீக டீச்சர். கேள்வித்தாள்ல எது வருதோ அதை எழுத வைங்க. புரியிறது அவுக காலேஜ் போயிப் புரிஞ்சுக்கிடட்டும்."

காலேஜில் புரிந்துகொள்ளச் சொல்லி அனுப்புவார்கள் என்றால், அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்று கேட்க நினைத்தேன். சம்பளம் வாங்குகிற இடம். வாளியைக் கவிழ்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அந்த வருட அடைமழையில் ஒரு சாயங்காலம் நான் பயந்தது நடந்தது. பள்ளியில் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜீப்பில் வந்த பெண் ஒருத்தி போனில் அழைத்து, "டீச்சர், பதறாதீக, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தாள். பதறாதே என்று சொல்லிக்கொண்டே பதற வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் தேர்ந்தவர்கள். என்ன நடந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கம்பம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மலை இறங்கும்போது முன்னால் போன ஜீப்பை முந்த வேண்டும் என்று நம் டிரைவருக்கு ஒரு ரோஷம். மழையில் சாலை எண்ணெய் தடவினாற்போல் கிடந்திருக்கிறது. ஓடை வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியிருக்கிறார். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வளைக்க நாலு மடங்கு விசை வேண்டும். நனைந்த தாரும் தேய்ந்த டயரும் அதற்கு எங்கே போகும்? வண்டி வளையவில்லை. வளைவுக்கு வெளியே, அதாவது மலைப்பக்கமாக நழுவி, மழைத்தண்ணீர் ஓடுகிற ஓரத்து நீர்க்காலில் இரண்டு சக்கரத்தையும் இறக்கி, பாறையில் உரசி நின்றிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் இருந்தவர்கள் எதிர்ச்சீட்டுக்காரர்கள் மேல் போய் விழுந்தார்கள். ஆளுக்கொரு சிராய்ப்பு, வீக்கம். திறந்த முனையில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் வெளியே போய் நீர்க்காலின் கல்கட்டில் விழுந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஏலக்காய் பறிக்கிற கை.

நான் தேநீர்க் கடை வாசலில் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்திருக்கிறது. இனியாவது உறைக்கும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்தது.

டிரைவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"டீச்சர், அக்கா மட்டும் அங்கன இல்லேன்னா இன்னைக்கு அம்புட்டுப் பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம். பள்ளம் என்னமா இழுத்துச்சு தெரியுமா? அக்கா கனம்தேன் வண்டிய மலைப்பக்கமா இழுத்துப் போட்டுக் காப்பாத்துச்சு."

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்களில் யாருக்கும் ஓடை வளைவில் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. வேகத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. டயரைப் பற்றிப் பேச்சே இல்லை. பள்ளம் இழுத்தது, அக்கா காப்பாற்றினாள், டிரைவர் பாவம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தேனி பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அக்காவைப் பார்க்க ஆள் வந்தபடி இருந்தது. திராட்சை, ரொட்டி, ஆர்லிக்ஸ் பாட்டில். கட்டுப் போட்ட கையோடு அக்கா கட்டிலில் சாய்ந்திருக்கும் படத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, ஜீப்பையே தாங்கிய தாய் என்று எழுதி, சுற்றிலும் பூ சுற்ற விட்டிருந்தார்கள். அக்காவுக்கு அதை நான்தான் எடுத்துக் காட்ட வேண்டும், தினமும் ஒரு தடவை. கை வலியில் முனகிக்கொண்டே படத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தோட்டத்திலிருந்து மலையாளத்துக் கங்காணி வந்தவர் "சேச்சி, நிங்கள் இல்லாம பணி ஓடல்ல" என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்காவுக்கு வலியே இல்லை.

எதிர்ச்சீட்டுக்காரியும் வந்தாள். ஜீப்பில் அக்காவுக்கு நேர் எதிரே, பள்ளத்துப் பக்க முனையில் உட்காருகிறவள். அக்காவோடு பல வருடம் சோறு பங்கிட்டுத் தின்றவள். வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் கட்டுப் போட்ட கையைத் தடவித் தடவி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நீங்க வர்ற வரைக்கும் அந்த முனையில யாரை வைக்கிறதுன்னு சண்டையா கெடக்கு, மதினி" என்றாள். அவளும் கொஞ்ச நாளாகவே உடம்பு போட்டிருந்தாள். எனக்கு அவளை முதலிலிருந்தே பிடிக்காது. வீட்டுக்குள் வரும்போதே அடுப்படியைப் பார்க்கிற கண் அவளுக்கு.

இத்தனையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அடிபட்டவளுக்கு ஒரு பெருமை கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் கட்டுப் பிரித்த மறுநாள் காலை அக்கா முகம் கழுவி, தலை சீவி, தூக்குவாளியைத் தேய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். விரலை முழுதாக மடக்க வரவில்லை. கையில் பாதிச் சதை இல்லை.

"எங்க கிளம்புற?"

"நாளையில இருந்து போகலாம்னு பாக்கேன். காய் பறிக்க முடியாட்டி தரம் பிரிக்கப் போட்டுருவாக."

"டாக்டர் என்ன சொன்னாக?"

"அவுகளுக்கென்ன, சொல்லுவாக. நான் இல்லாம அந்த முனையில யாரு யாரோ உக்காந்து போறாளுக. ஒருத்திக்கும் கனம் பத்தாது. வண்டி பள்ளத்துல போயிருச்சுன்னா அந்தப் பாவம் ஆரச் சேரும்?"

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவள் திரும்பிப் போகிறாள். மடங்காத கையோடு, பிடிக்கக் கம்பி இல்லாத அதே திறந்த முனைக்கு, ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போகிறாள். அடுத்த முறையும் நீர்க்காலில்தான் விழுவாள் என்பதற்கு என்ன நிச்சயம்? மலைமூக்கு வளைவு என்றால் நேராகப் பள்ளம்தான்.

"எந்திரி" என்றேன். "தூக்குவாளிய எடுத்துக்கிட்டு வா."

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடம் விசாலமாக இருக்கும். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், அதற்குச் செங்கோணத்தில் எங்கள் குளியலறை. பள்ளியில் நடத்த விடாத பாடத்தை அங்கே நடத்தினேன். வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இடது கையால் பிடித்து, கையை நீட்டி, இருந்த இடத்திலேயே தானும் சுற்றிச் சுழற்றச் சொன்னேன். சுழற்றினாள். அந்த உடம்போடு அவள் சுழன்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"கையில என்ன தெரியுது?"

"வெளிய இழுக்குது."

"வாளி உன்னை வெளிய இழுக்குது, சரி. நீ வாளிய என்ன செய்யிற?"

சுற்றிக்கொண்டே யோசித்தாள். "நான் உள்ளுக்க இழுத்துப் பிடிச்சிருக்கேன்."

"வாளி வளைஞ்சு வளைஞ்சு வர்றது அதனாலதான். இப்ப குளியலறைக்கு நேரா வரும்போது விட்டுரு. அது எங்க போயி விழுகும் சொல்லு?"

"குளியலறைக் கதவுல."

"விடு."

விட்டாள். வாளி குளியலறைப் பக்கமே போகவில்லை. பக்கவாட்டில் சீறிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி நசுங்கியது. மாடியில் சிரிப்பு நின்றது. அக்கா வாளியைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள், மறுபடி வாளியைப் பார்த்தாள். நசுங்கியதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. எடுத்து வந்து இன்னொரு தடவை சுழற்றி விட்டாள். அதே மாதிரிதான் போனது.

"வெளியதான இழுத்துச்சு? அப்ப ஏன் வெளிய போகல?"

"வெளிய தள்ளுறதுக்கு அங்க யாருமே இல்ல. வாளி எப்பவும் நேராப் போகத்தான் பாக்கும். கைய விட்ட நேரத்துல அது எந்தத் திசையில போய்க்கிட்டு இருந்துச்சோ அதுலயே போகுது. அதை வளைக்கிறதுக்குத்தான் உள்ளுக்க ஒரு இழுப்பு வேணும். இழுப்பு நின்னா வளைவும் நின்னுரும்."

அவள் துவைகல்லில் உட்கார்ந்தாள். என் வகுப்பில் இத்தனை வருடத்தில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. அவள் கேட்டது பரீட்சைக்காக அல்ல. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓடை வளைவைத் தரையில் விரலால் வரைந்தேன். மலை இங்கே, பள்ளம் இங்கே, ஜீப்பு இப்படித் திரும்புது, நீ நேராப் போற.

"யாரும் தள்ளாமயா நான் அங்கன போயி விழுந்தேன்?"

"யாரும் தள்ளல. பள்ளமும் இழுக்கல. உள்ள இருந்தவகளுக்குப் பிடிக்கத் தார்ப்பாய்க் கம்பி இருந்துச்சு, சீட்டு இருந்துச்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு இருந்தாக. அதெல்லாம் அவுகளை உள்ளுக்க இழுத்து ஜீப்போட திருப்பிருச்சு. அந்த முனையில உன்னைத் திருப்ப ஒண்ணுமில்ல."

"அப்ப மலைப்பக்கம் கனமா நான் இருந்தது?"

இதற்கு என்ன சொல்வது என்று நான் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் நாளைக்கு ஜீப் ஏறிவிடுவாள்.

"அதனால யாரும் பொழைக்கலக்கா. வண்டி அங்க சாயிறதுக்கு அது ஒத்தாசையாத்தான் இருந்துச்சு. நீ அங்க இல்லாட்டியும் வண்டி மலையிலதான் முட்டியிருக்கும்."

அவள் முகம் சுருங்கியது. ஸ்டேட்டஸும் பூவும் திராட்சையும் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விட்டன. நான் எத்தனையோ பேருடைய மடமையைப் பிடுங்கிப் போட ஆசைப்பட்டிருக்கிறேன். ஒருத்தியிடமிருந்து அதைப் பிடுங்கியது அன்றுதான் முதல் தடவை. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

தரையில் நான் வரைந்த வளைவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விழுகும்போது நான் கைய நீட்டுனேன்."

"எந்தக் கைய?"

"இந்தக் கையத்தேன். எதிர்ல இருந்தாளே, அவகிட்ட. அம்புட்டுப் பக்கம். முழங்காலு முழங்கால்ல இடிக்கிது. அவ ஒரு கையால உள்ளுக்க எட்டி மேல கம்பியப் பிடிச்சிருந்தா. இன்னொரு கையில அவ தூக்குவாளியப் பிடிச்சுக்கிட்டா." மடங்காத விரல்களைத் தடவினாள். "அவ கையக் குடுத்திருந்தா அது உள்ளுக்க இழுக்கிற இழுப்புத்தேன? நான் விழுந்திருக்க மாட்டேன். அப்படித்தேன?"

கட்டிலோரம் உட்கார்ந்து கட்டைத் தடவித் தடவி அழுதவள் கண்முன் வந்தாள். அக்காவின் கனத்துக்கு அவள் பிடி தாங்கியிருக்குமா, இரண்டு பேருமாகச் சேர்ந்து விழுந்திருப்பார்களா, கணக்குப் போடாமல் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல இடமிருந்தது. ஆனால் எனக்கு அவளைப் பிடிக்காது.

"ஆமா" என்றேன்.

அக்கா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை. பிறகு பல நாள் என்னோடு அளந்துதான் பேசினாள். வாட்ஸ்அப் படத்தைக் காட்டச் சொல்லவில்லை. நசுங்கிய தூக்குவாளியை மட்டும் அம்மிக் குழவியால் உள்ளிருந்து தட்டித் தட்டி நிமிர்த்தினாள். இனி ஜீப் பக்கமே போகமாட்டாள், வீட்டில் இருப்பாள் என்று நான் நம்ப ஆரம்பித்தேன். அவளுக்கு அந்த ஜீப் மேலிருந்த பாசத்தை நான்தான் அறுத்துவிட்டேன் என்று நினைத்தபோது வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

விரல்கள் முழுதாக மடங்க ஆரம்பித்த வாரத்தில், விடிவதற்கு முன்னாலேயே அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அக்கா சேலைக்கு மேல் தோட்டத்துச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு தெருமுனைக்கு நடந்தேன். முனைச் சீட்டில் அவள் உட்கார்ந்தால் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிடுவது என்றுதான் போனேன். டீச்சர் தெருவில் சண்டை போட்டாள் என்று ஸ்டேட்டஸ் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

ஜீப் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் அக்காவைப் பார்த்ததும் கூச்சல் போட்டார்கள். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார். மலைப்பக்கத்து முனையில் அந்த எதிர்ச்சீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அக்கா இல்லாத காலத்தில் சண்டை பிடித்து அந்த இடத்தை அவள் வாங்கிவிட்டாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

"ஏ ஆத்தா, எந்திரி எந்திரி. அக்கா வந்துருச்சுல்ல" என்றார் டிரைவர்.

அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழப்போனாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீயே இரு. எனக்கு அங்கன வேணாம்."

"அக்கா, மலைப்பக்கம் கனம் வேணும்ல?" டிரைவர் பதறினார்.

"உம் பொண்டாட்டியக் கூட்டியாந்து வையி" என்றாள் அக்கா. ஜீப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தேநீர்க் கடை வாசலில் நான் அத்தனை விளக்கம் சொல்லியும் டிரைவரிடம் வரவழைக்க முடியாத அசட்டு முகத்தை அந்த ஒரு வரியில் அவள் வரவழைத்துவிட்டாள்.

அக்கா ஏறி, பள்ளத்துப் பக்கத்துச் சீட்டில் முனையில் இருந்தவளை அப்படியே விட்டு, அடுத்த இரண்டு பேரை உள்ளே தள்ளி, மேலே கம்பி வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வலது முழங்கையைக் கம்பியில் கோத்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள். கம்பி அசையவில்லை. சரியாகத்தான் படித்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை. அதோடு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "மலைப்பக்கம் கனம் சரியா இருக்கா?" என்று பின்னால் பார்த்துக் கத்தினார். இருக்கு இருக்கு என்று எல்லாரும் கத்தினார்கள். திருந்துகிற ஜென்மங்களா?

ஜீப் நகர்ந்தபோது அக்கா இடது கையை எதிர்ச்சீட்டுக்கு நீட்டினாள். அந்த முனையில் உட்கார்ந்திருந்தவளின் மணிக்கட்டை, வளையலோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்தாள். அவள் என்னவோ கேட்டாள். அக்கா பிடியை விடவில்லை. முதல் திருப்பத்தில் ஜீப் மறையும் வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது.

நானாக இருந்தால் அவளைப் பிடித்திருக்க மாட்டேன்.